சிறுவர்களுக்காகச் சட்டம் படித்த புளோரன்ஸ் கெல்லி

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வேலை பார்த்து வந்தான். மலிவு விலைப் படச்சட்டங்களுக்குத் தங்க நிறம் பூசுவது அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பூச்சுக்குப் பயன்படுத்திய திரவம் நஞ்சு கலந்தது. அதன் பாதிப்பால் அவனுடைய வலது கை செயலிழந்துவிட்டது.

அந்த வயதுப் பையனை வேலைக்கு வைத்ததே சட்டப்படி குற்றம். ஆகவே, மாநிலத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் அந்த வழக்கின் விவரங்களை எடுத்துக்கொண்டு அரசு வழக்கறிஞரின் அலுவலகத்திற்குப் போனார். அங்கிருந்த இளம் அதிகாரி அவரை வியப்போடு பார்த்தார். தம் மேசையில் முக்கியமான வழக்குகள் குவிந்து கிடப்பதாகவும் இந்த வழக்கை எடுக்க இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். குற்றம் நிரூபிக்கப்பட்டாலும் முதலாளிக்குக் கிடைத்திருக்கக்கூடிய தண்டனை 20 டாலர் அபராதம்தான். கையை இழந்த சிறுவனுக்கு இழப்பீடு தரச் சட்டத்தில் வழியே இல்லை.

திரும்பி வந்த ஆய்வாளர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த முறை வழக்கைத் தாமே நடத்த வேண்டும் என்று முடிவெடுத்து, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். அப்போது அவர் மூன்று குழந்தைகளுக்குத் தாய். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அவர் பெயர் புளோரன்ஸ் கெல்லி.

மாணவர்களே, இன்று நாம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறோம். 10 வயதில் யாரும் நம்மை ஆலைக்கு அனுப்புவதில்லை. இது இயல்பான ஒன்று என்று நினைக்கிறோம். ஆனால், இந்த இயல்பு ஒவ்வொரு நாட்டிலும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிப் பெறப்பட்டது. அமெரிக்காவில் அப்படி ஏறி இறங்கியவர்களுள் முதன்மையானவர் புளோரன்ஸ் கெல்லி.

தந்தை கற்றுக்கொடுத்த முதல் பாடம்

புளோரன்ஸ் 1859-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் கெல்லி வழக்கறிஞர், நீதிபதியாகவும் இருந்தவர். பின்னர் ஏறக்குறைய 30 ஆண்டுகள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். வசதியான குடும்பம்தான். ஆனால், அந்த வீட்டிலும் துயரம் குடியிருந்தது. புளோரன்சின் சகோதரிகள் ஐவரும் சிறு வயதிலேயே நோயுற்று இறந்துபோனார்கள். மகள்களில் உயிரோடு வளர்ந்தவர் அவர் ஒருவரே.

உடல்நலம் குன்றியிருந்ததால் அவர் தொடர்ச்சியாகப் பள்ளிக்குச் செல்லவில்லை. தந்தையின் நூலகமே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. வாசிக்கப் பழகிய வயதிலேயே தந்தை அவர் கையில் கொடுத்த நூல்களுள் ஒன்று, இங்கிலாந்தின் செங்கல் சூளைகளில் வேலை செய்த குழந்தைகளைப் பற்றியது. ஈரக் களிமண்ணைத் தலையில் சுமக்கும் சிறுவர்களின் படங்கள் அதில் இருந்தன. பிள்ளைக்குத் தேவதைக் கதை கொடுக்காமல் இப்படி ஒரு நூலைக் கொடுக்கலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் குறைபட்டார்கள். தந்தை பொருட்படுத்தவில்லை.

அவருக்கு 12 வயதானபோது தந்தை அவரை ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்கு இரவு நேரத்தில் அழைத்துச் சென்றார். உருகிய கண்ணாடியை ஊதி வடிவம் கொடுக்கும் தொழிலாளர்களின் காலடியில், உலையின் வெப்பத்துக்கு மிக அருகில், சிறுவர்கள் குந்தியிருந்து அச்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். புளோரன்சின் கண்களுக்குத் தம் வயதை ஒத்த அந்தச் சிறுவர்கள்தான் தெரிந்தார்கள். அந்த இரவை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

இன்னொரு பாடத்தை அவருடைய தாய்வழிப் பாட்டி முறையான சாரா பியூ கற்றுக்கொடுத்தார். அவர் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர். அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை என்பதற்காகவே பருத்தித் துணியையும் சர்க்கரையையும் அவர் பயன்படுத்த மறுத்தார். நாம் வாங்கும் பொருளுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய உழைப்பு இருக்கிறது என்ற எண்ணம் புளோரன்சின் மனத்தில் அப்போதே பதிந்துவிட்டது.

மூடிய கதவுகள்

அந்தக் காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றான கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து 1882-இல் அவர் பட்டம் பெற்றார். பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வின் தலைப்பு கவனிக்கத்தக்கது. சட்டத்தின் பார்வையில் குழந்தை யார், அந்த நிலை காலப்போக்கில் எப்படி மாறி வந்திருக்கிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய ஆங்கிலச் சட்டத்தில் குழந்தை கிட்டத்தட்டத் தந்தையின் உடைமை. பிள்ளையின் உழைப்பும் கூலியும் தந்தைக்கே சொந்தம். பிள்ளைக்கென்று தனி உரிமை ஒன்று உண்டு என்று சட்டம் மிக மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது. அந்த மாற்றத்தின் வரலாற்றை 22 வயதுப் பெண் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். பிற்காலத்தில் அவர் செய்த எல்லா வேலைகளுக்கும் விதை அதில் இருந்தது.

மேற்படிப்புக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்தார். பெண் என்ற காரணத்தால் இடம் மறுக்கப்பட்டது. ஆகவே, பெண்களை ஏற்றுக்கொண்ட சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். இங்கிலாந்துத் தொழிலாளர்களின் நிலையைப் பற்றி ஏங்கல்ஸ் ஜெர்மன் மொழியில் எழுதிய புகழ்பெற்ற நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ரஷ்யாவிலிருந்து வந்திருந்த மருத்துவ மாணவர் ஒருவரை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். குடும்பம் அமெரிக்கா திரும்பி நியூயார்க்கில் குடியேறியது.

திருமண வாழ்க்கை நன்றாக அமையவில்லை. கடன் பெருகியது, கணவர் அவரைத் துன்புறுத்தினார். 1891-ஆம் ஆண்டின் இறுதியில், மூன்று குழந்தைகளோடு புளோரன்ஸ் சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டார். அந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்ததில் சட்ட அறிவும் இருந்தது. மணமுறிவு பற்றிய நியூயார்க் சட்டம் மிகக் கடுமையானது; சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் சட்டம் பெண்களுக்கு ஓரளவு இடம் கொடுத்தது.

ஹல் இல்லத்தின் வாசலில்

பனி பெய்த ஒரு காலைப் பொழுதில் அவர் ஹல் இல்லத்தின் கதவைத் தட்டினார். ஜேன் ஆடம்ஸ் என்ற பெண்மணி 1889-இல் தொடங்கிய சமூக நல இல்லம் அது. ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியின் நடுவே, படித்த பெண்கள் சிலர் தங்கி அந்த மக்களுக்குத் தொண்டு செய்தார்கள். இடுப்பில் யாருடைய குழந்தையையோ சுமந்தபடி ஜேன் ஆடம்ஸே வந்து கதவைத் திறந்தார். புளோரன்ஸ் அங்கேயே தங்கிவிட்டார். சில நாள்களுக்கு அடைக்கலம் தேடி வந்தவர், ஏழு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார்.

கணவர் விடவில்லை. பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சிகாகோ நீதிமன்றத்தை நாடினார். 1892-இல் பிள்ளைகள் தாயிடமே வளர வேண்டும் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். பிள்ளையின் எதிர்காலம் ஒரு நீதிமன்ற அறையில் முடிவாகும்போது தாயின் மனம் எப்படித் துடிக்கும் என்பதை அவர் நேரடியாக அனுபவித்தார். நல்ல நண்பர்களும் சட்டத் துணையும் அவருக்குக் கிடைத்தன. அவை கிடைக்காத தாய்மார்களும் பிள்ளைகளும் அதே தெருவில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

அவர்களுக்கு உதவச் சிகாகோவில் சில அமைப்புகள் அப்போதுதான் முளைத்திருந்தன. மகளிர் கழகம் ஒன்றின் முயற்சியால், பெண்களையும் குழந்தைகளையும் காக்கும் அமைப்பு ஒன்று 1880-களில் தொடங்கப்பட்டது. கூலி கிடைக்காத வேலைக்காரப் பெண்கள், கொடுமைக்கு ஆளான சிறுமிகள் ஆகியோருக்காக அது கட்டணமின்றி நீதிமன்றம் சென்றது. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி வழங்கிய இன்னொரு அமைப்பும் 1888-இல் தோன்றியது. இவை இரண்டும் 1905-இல் ஒன்றாகிச் சிகாகோ சட்ட உதவிச் சங்கம் ஆயின. உலகின் தொடக்ககாலச் சட்ட உதவி அமைப்புகளில் இவற்றுக்கு இடம் உண்டு.

மாடிப்படி ஏறிய ஆய்வாளர்

ஹல் இல்லத்தைச் சுற்றியிருந்த குடியிருப்புகளில் ஆயத்த ஆடைகள் தைக்கப்பட்டன. இருட்டறையில், நோயாளி படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, குடும்பம் முழுவதும் உட்கார்ந்து தைத்தது. பொத்தான் வைப்பதும் நூல் பிரிப்பதும் நாலைந்து வயதுப் பிள்ளைகளின் வேலை. புளோரன்ஸ் மாநில அரசுக்காக இந்த வீடுகளைக் கணக்கெடுத்தார். ஒவ்வொரு மாடியாக ஏறி, வீட்டில் எத்தனை பேர், எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு கூலி, பிள்ளைகளின் வயது என்ன என்று எழுதிக்கொண்டு வந்தார்.

அந்தக் கணக்கு சட்டமன்றத்தை அசைத்தது. 1893-இல் இல்லினாய் மாநிலம் தொழிற்சாலைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 14 வயதுக்குக் குறைந்தவர்களை உற்பத்தி வேலையில் வைக்கக் கூடாது. 14 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு வயதுச் சான்று வேண்டும். பெண்களின் வேலை நாள் 8 மணி நேரம்தான் என்று அது கூறியது. அதை நடைமுறைப்படுத்த ஆளுநர் ஜான் ஆல்ட்கெல்ட் தலைமை ஆய்வாளராகப் புளோரன்சை நியமித்தார். அத்தகைய பதவியில் அந்நாட்டில் அமர்ந்த முதல் பெண் அவரே. அவரையும் சேர்த்து 12 பேர் கொண்ட சிறு குழு மாநிலம் முழுவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன, வலது கை செயலிழந்த சிறுவனின் வழக்கு இந்தக் காலத்தில் நடந்ததுதான். நல்ல சட்டம் ஏட்டில் இருந்தது. அதை மீறியதற்கான சான்றும் கையில் இருந்தது. ஆனால், வழக்கை எடுத்து நடத்த ஆள் இல்லை. ஒரு குழந்தையின் உரிமை இந்த இடத்தில்தான் பெரும்பாலும் காணாமல் போகிறது என்று புளோரன்ஸ் கண்டுகொண்டார். பகலில் ஆலைகளைச் சோதித்தார். மாலையில் சட்ட வகுப்புக்குப் போனார். இளம் வயதில் தந்தையிடம் சட்டம் படித்த பயிற்சி அப்போது கைகொடுத்தது. பட்டம் பெற்றபின் சட்டமீறல் வழக்குகளில் அரசு வழக்கறிஞரின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை மாறியது.

எதிர்ப்பு சும்மா இருக்குமா? உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து வழக்குப் போட்டார்கள். 1895-இல் மாநில உச்ச நீதிமன்றம் பெண்களுக்கான 8 மணி நேர விதியைத் தள்ளுபடி செய்தது. விரும்பிய நேரம் வேலை செய்யும் ஒப்பந்த உரிமை பெண்ணுக்கு உண்டு, அதைச் சட்டம் பறிக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். குழந்தைகள் பற்றிய விதி மட்டும் தப்பியது.

அடுத்த தேர்தலில் ஆல்ட்கெல்ட் தோற்றார். 1897-இல் புதிய ஆளுநர் புளோரன்சைப் பதவியிலிருந்து நீக்கினார். அவருடைய இடத்துக்கு வந்தவர், சிறுவர்களை ஏராளமாக வேலைக்கு வைத்திருந்த ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் நெடுநாள் ஊழியர். பிழைப்புக்காகப் புளோரன்ஸ் ஒரு நூலகத்தில் மாலை நேர வேலை பார்த்தார்.

இதற்கிடையே ஹல் இல்லத்துத் தோழியர் இன்னொரு வேலையில் முனைந்திருந்தார்கள். தவறு செய்த சிறுவர்களைப் பெரிய குற்றவாளிகளோடு ஒரே சிறையில் அடைக்கும் வழக்கத்தை மாற்ற, வழக்கறிஞர் சங்கத்தோடு சேர்ந்து பாடுபட்டார்கள். 1899-இல் உலகின் முதல் சிறார் நீதிமன்றம் எனப் போற்றப்படும் நீதிமன்றம் சிகாகோவில் தொடங்கியது.

வாங்குபவர் கையில் உள்ள வலிமை

அதே 1899-இல் புளோரன்ஸ் நியூயார்க் சென்று தேசியப் பயனீட்டாளர் கழகத்தின் பொதுச் செயலாளர் ஆனார். இறக்கும்வரை, 30 ஆண்டுகளுக்கு மேல், அந்தப் பொறுப்பில் இருந்தார். குழந்தைகளை வேலைக்கு வைக்காமல், சட்டப்படி நடத்தப்படும் ஆலைகளின் துணிகளுக்குக் கழகம் வெள்ளை முத்திரை வழங்கியது. முத்திரை இருக்கும் உடைகளையே வாங்குங்கள் என்று இல்லத்தரசிகளைக் கேட்டுக்கொண்டது. பருத்தியைத் தொட மறுத்த சாரா பியூவின் கொள்கைக்கு அவர் இப்படிச் செயல் வடிவம் கொடுத்தார்.

1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 10 முதல் 15 வயது வரை உள்ள குழந்தைகளில் 17 லட்சத்து 50 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். புளோரன்ஸ் ஊர் ஊராகச் சென்று பேசினார். குழந்தைப் பருவம் என்பதே ஓர் உரிமை என்று 1905-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அதே ஆண்டில் கல்லூரியில் சேர்ந்த சில நாள்களிலேயே அவருடைய ஒரே மகள் மார்கரெட் இதய நோயால் இறந்தார். அந்தத் துயரம் அவரை வாட்டியது. ஆனாலும், வேலை நிற்கவில்லை.

குழந்தைகளின் நலனைக் கவனிக்க நாட்டளவில் ஓர் அரசு அலுவலகம் வேண்டும் என்று அவரும் செவிலியர் லிலியன் வால்டும் கேட்டு வந்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1912-இல் அமெரிக்கக் குழந்தைகள் அலுவலகம் உருவானது. அதன் முதல் தலைவர் ஹல் இல்லத்துத் தோழி ஜூலியா லாத்ராப்.

113 பக்க வாதவுரை

ஓரிகன் மாநிலத்தில் ஒரு சலவை நிலைய உரிமையாளர், பெண்களுக்கு 10 மணி நேர வேலை என்ற சட்டத்தை எதிர்த்து நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1895-இல் இல்லினாய் மாநிலத்தில் பட்ட அடியைப் புளோரன்ஸ் மறக்கவில்லை. ஓரிகன் தரப்புக்கு நல்ல வழக்கறிஞர் வேண்டும் என்று தேடினார். பெயர்பெற்ற ஒருவர் மறுத்துவிட்டார். பிறகு புளோரன்சும் அவருடைய தோழி ஜோசபின் கோல்ட்மார்க்கும் பாஸ்டன் வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைசை அணுகினார்கள். அவர் கட்டணம் வாங்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால், ஒரு நிபந்தனை விதித்தார். நீண்ட வேலை நேரம் உடலை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு உண்மைச் சான்றுகள் வேண்டும் என்றார்.

கழகத்துப் பெண்கள் நூலகங்களில் முகாமிட்டார்கள். மருத்துவர்களின் குறிப்புகள், பல நாட்டு ஆய்வாளர்களின் அறிக்கைகள் என்று தேடித் தொகுத்தார்கள். 113 பக்க வாதவுரை தயாரானது. அதில் பழைய தீர்ப்புகளைப் பற்றிய வாதம் ஏறக்குறைய இரண்டு பக்கம்தான். மற்றவை எல்லாம் உண்மைத் தரவுகள். 1908-இல் உச்ச நீதிமன்றம் ஓரிகன் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்த வழக்கு குழந்தைகளைப் பற்றியது அன்று. ஆனால், சமூக உண்மைகளை ஆய்வுகள்மூலம் நீதிபதிகளின் முன் வைக்கும் வழியை அது திறந்துவிட்டது. பின்னாளில் குழந்தைகளுக்காக வாதாடியவர்களும் அந்த வழியில் நடந்தார்கள். 1954-இல் கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைப்பது தவறு என்று தீர்ப்புப் பெற்ற வழக்கறிஞர்கள், அந்தப் பிரிவினை பிஞ்சு மனங்களைக் காயப்படுத்துவதை ஆய்வுகளைக் கொண்டு காட்டினார்கள். அந்த வழக்கை நடத்திய சட்ட அமைப்பின் தாய்ச் சங்கத்தை 1909-இல் தொடங்கியவர்களுள் புளோரன்சும் ஒருவர்.

வென்றதும் தோற்றதும்

1916-இல் பெரிய வெற்றி வந்தது. 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வைத்து வேலை வாங்கும் ஆலையின் பொருள்களை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்கு அனுப்பக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1917 செப்டம்பரில் அது நடப்புக்கு வந்தது. ஒன்பது மாதம்தான் நீடித்தது.

வட கரோலினா மாநிலத்தில் டாகன்ஹார்ட் என்ற பஞ்சாலைத் தொழிலாளி, தம் இரண்டு மகன்களும் தம்மோடு ஆலையில் வேலை செய்ய உரிமை வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். அவருக்குப் பின்னால் ஆலை முதலாளிகள் இருந்தார்கள். வழக்கறிஞர்களுக்கு அவர்களே ஏற்பாடு செய்தார்கள். 1918-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்ட உதவி யாருக்குக் கிடைக்கிறது என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. நீதிமன்றத்தில் அந்த இரு பையன்களின் பெயர் இருந்தது. ஆனால், அங்கே ஒலித்தது முதலாளிகளின் குரல்.

சில ஆண்டுகள் கழித்துச் செய்தியாளர் ஒருவர் மகன்களில் ஒருவனான ரூபனைத் தேடிச் சென்றார். ரூபன் அப்போது இளைஞன். ஆனால், ஒல்லியாக, வளர்ச்சி குன்றியவனாக இருந்தான். வழக்கில் வென்றதால் தனக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை என்றும் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் அவன் கூறினான். தன் தங்கையையாவது ஆலை வேலைக்கு அனுப்ப விடமாட்டேன் என்றும் அவன் சொன்னான்.

குழந்தைகளை வேலைக்கு வைக்கும் ஆலைகளுக்கு வரி விதிக்கும் இரண்டாவது சட்டம் வந்தது. 1922-இல் அதையும் நீதிமன்றம் தள்ளியது. இனி அரசியலமைப்பையே திருத்துவதுதான் வழி என்று புளோரன்சும் தோழர்களும் முடிவு செய்தார்கள். 1924-இல் நாடாளுமன்றம் திருத்தத்தை ஏற்றது. ஆனால், போதிய மாநிலங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் பிள்ளைகள் பாத்திரம் கழுவுவதுகூடக் குற்றமாகிவிடும் என்ற பரப்புரை பரவியது. புளோரன்சை அந்நிய நாட்டின் கைக்கூலி என்றும் தூற்றினார்கள்.

1932-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் அவர் பிலடெல்பியாவில் காலமானார். அவர் கேட்ட தேசியச் சட்டம் அன்று இல்லை.

விதைத்தவர் காணாத விளைச்சல்

1902-இல் ஒரு கல்லூரியில் புளோரன்ஸ் ஆற்றிய உரையைப் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் என்ற மாணவி கேட்டார். அந்த உரை அவருடைய வாழ்க்கைப் பாதையை மாற்றியது. பயனீட்டாளர் கழகத்தில் புளோரன்சோடு சேர்ந்து வேலை பார்த்தார். 1933-இல் அவர் அமெரிக்காவின் தொழிலாளர் அமைச்சர் ஆனார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. அவருடைய முயற்சியால் 1938-இல் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் வந்தது. ஆலைகளில் 16 வயதுக்குக் குறைந்தவர்களும், ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களும் வேலை செய்வதை அது தடுத்தது. பண்ணை வேலை செய்த பிள்ளைகளுக்கு அதில் போதிய பாதுகாப்பு இல்லை என்பது அதன் குறை. 1941-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்று, 1918-இல் தான் வழங்கிய தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. புளோரன்ஸ் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

1989-இல் ஐக்கிய நாட்டு மன்றம் குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995-இல் அதில் இணைந்தன. தன்னைப் பற்றி நீதிமன்றம் முடிவெடுக்கும்போது தன் கருத்தைச் சொல்லக் குழந்தைக்கு வாய்ப்பு வேண்டும். சுதந்திரம் பறிக்கப்பட்ட குழந்தைக்கு உடனடியாகச் சட்ட உதவி வேண்டும் என்று அது கூறுகிறது.

இன்று நம் நாடுகளில் சட்ட உதவி மையங்களிலும் வழக்கறிஞர் சங்கங்களின் இலவசச் சேவைகளிலும் பணிபுரிவோர், புளோரன்ஸ் செய்த வேலைகளைத்தான் செய்து வருகிறார்கள். பெற்றோர் பிரிவு, வீட்டில் வன்முறை, கைது, பிறப்புச் சான்றிதழ் இல்லாமை என்று எத்தனையோ சிக்கல்களில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களால் வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்ட முடியாது. எங்கே போவது என்பதும் தெரியாது. யாரோ ஒருவர் அவர்களுடைய கோப்பைக் கையில் எடுத்து, இந்த வழக்கு முக்கியமானது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மாணவர்களே, உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ அப்படி ஒரு சிக்கல் வந்தால், நம்பிக்கையான ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்லுங்கள். உதவி கேட்பது வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல. உங்களில் சட்டம் படிக்க விரும்புகிறவர்களும் இருப்பீர்கள். வழக்கறிஞர் வேலை என்றதும் கறுப்பு அங்கியும் பெரிய வருமானமும் நினைவுக்கு வரலாம். அவற்றோடு, படச்சட்டத்துக்குத் தங்க நிறம் பூசி வலது கையை இழந்த அந்த 11 வயதுச் சிறுவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவனைப் போன்ற இன்னொருவனின் கோப்பு ஒரு நாள் உங்கள் மேசைக்கு வரக்கூடும்.